தளத்தைத் துளைத்துச் செல்லும் காற்றுக்குழாயைச் சுற்றி ஏன் ஒழுகுகிறது, எப்படி நிறுத்துவது

உங்கள் கேள்வியைச் சுருக்கிச் சொல்லிவிட்டுத் தொடங்குகிறேன். கானாடுகாத்தானில் உள்ள பூர்வீக வீட்டின் இரண்டாம் கட்டில், அப்பத்தாவின் வசதிக்காக ஓர் அறையைச் சில ஆண்டுகளுக்கு முன்பு கழிப்பறையாக மாற்றி, மேலே கான்கிரீட் தளம் போட்டிருக்கிறீர்கள். செப்டிக் டேங்கோடு இணைந்த 110 மில்லிமீட்டர் பிவிசி காற்றுக்குழாய் அந்தத் தளத்தைத் துளைத்துக்கொண்டு மொட்டைமாடிக்கு மேலே போகிறது. ஐப்பசி பிறந்தால் குழாயைச் சுற்றி ஒழுகுகிறது. ஆண்டுதோறும் கொத்தனாரை அழைத்துச் சிமெண்ட் வைத்துப் பூசுகிறீர்கள். அடுத்த ஐப்பசியில் மறுபடியும் ஒழுகுகிறது. குழாயை அறுத்துவிட்டு ஓட்டையை அடைத்துவிடும்படி இப்போது ஒருவர் சொல்லியிருக்கிறார். அடைக்கலாமா, அடைக்காவிட்டால் ஒழுகலை நிறுத்துவது எப்படி, வளவுப் பக்கத்து (முற்றத்தைச் சுற்றிய பகுதியின்) ஓட்டுக்கூரை வழியாக இன்னொரு குழாய் விடலாமா என்று கேட்டிருக்கிறீர்கள்.

காற்றுக்குழாயை அடைக்க வேண்டாம். கழிப்பறையில் ஒரு வாளித் தண்ணீரை வேகமாக ஊற்றினால் அது குழாய்க்குள் தக்கையைப்போல இறங்கும். அதன் பின்னால் காற்று குறைந்து உறிஞ்சல் உண்டாகும். காற்றுக்குழாய் திறந்திருந்தால் வெளிக்காற்று உள்ளே வந்து அந்தக் குறையை நிரப்பிவிடும். அடைத்திருந்தால், தரையிலுள்ள ட்ராப்பில் (தண்ணீர் தேங்கி நிற்கும் வளைகுழாயில்) வழக்கமாக 50 மில்லிமீட்டர் ஆழத்துக்கு நிற்கும் தண்ணீரை அந்த உறிஞ்சல் இழுத்துக்கொண்டு போய்விடும். தரைவடிகாலில் 'களக் களக்' என்று ஓசை கேட்பது அதற்கான முதல் அடையாளம். டேங்கின் வாயு அறைக்குள் வராமல் காப்பது அந்தத் தண்ணீர் ஒன்றுதான். டேங்கில் உண்டாகும் வாயுக்களில் மீத்தேன் தீப்பற்றக்கூடியது, ஹைட்ரஜன் சல்ஃபைடு நஞ்சு. நம் பகுதியில் பொங்கலுக்கும் கல்யாணத்துக்கும் மட்டும் திறக்கும் வீடுகள் ஏராளம். மாதக்கணக்கில் பூட்டிக் கிடக்கும் வீட்டில் ட்ராப்பிலுள்ள தண்ணீர் தானாகவே வற்றிவிடும். அப்போது டேங்கின் வாயு வெளியேற மேலே ஒரு வழி இருந்தே ஆக வேண்டும். வீட்டைப் பூட்டிக்கொண்டு கிளம்பும் நாளில் ட்ராப்பை நிரப்பி, அதன்மேல் இரண்டு கரண்டி எண்ணெய் விட்டுவிட்டுப் போனால் தண்ணீர் வற்றுவது வெகுவாகக் குறையும்.

இனி ஒழுகலுக்கு வருகிறேன். ஆண்டுக்கு ஆண்டு சிமெண்ட் பூசியும் நிற்காததற்குக் கொத்தனாரின் கைவேலையைக் குறை சொல்வதில் பயனில்லை. பிவிசியும் சிமெண்டும் ஒன்றோடொன்று ஒட்டும் பொருள்களே அல்ல. குழாயின் மேற்பரப்பு கண்ணாடிபோல வழவழப்பானது. கலவை அதைத் தொட்டுக்கொண்டு நிற்குமே தவிரப் பற்றிக்கொள்ளாது. அதோடு, வெயில் ஏறும்போது இரண்டும் ஒரே அளவில் நீள்வதில்லை. ஒரு மீட்டர் பிவிசி குழாய், வெப்பம் ஒரு டிகிரி செல்சியஸ் கூடினால் ஏறத்தாழ 0.07 மில்லிமீட்டர் நீளும். கான்கிரீட் ஏறத்தாழ 0.01 மில்லிமீட்டர்தான் நீளும். கீழே முழங்கை இணைப்பில் (எல்போவில்) பிடிபட்டு நிற்கும் 4 மீட்டர் குழாய், விடியற்காலைக்கும் உச்சிவெயிலுக்கும் இடையே 20 டிகிரி சூடேறினால் 5 மில்லிமீட்டருக்கு மேல் உயரும். இரவில் அதே அளவு இறங்கும். செட்டிநாட்டு வெயிலில் இது சித்திரை முழுக்கத் தினசரி நடக்கிறது. ஆடிக் காற்றோ மேலே நீண்டிருக்கும் குழாயைப் பக்கவாட்டில் ஆட்டுகிறது. இப்படி அசையும் ஒரு பொருளைச் சுற்றி இறுகிய சிமெண்ட் வளையம் போட்டால், அது விரிசல் விடாமல் இருக்க வழியே இல்லை.

பள்ளத்தூரில் ஒரு வீட்டில் இப்படிப்பட்ட குழாயடியை நானே உளியால் பிரித்துப் பார்த்திருக்கிறேன். சிமெண்ட் குமிழ் ஒரு தேங்காய் அளவுக்குப் பருத்திருந்தது. பிரிக்கப் பிரிக்க ஐந்து அடுக்குகள் வந்தன. ஒவ்வோர் அடுக்கும் ஒரு மழைக்காலத்தின் பூச்சு. ஐந்திலும் குழாயை ஒட்டி மயிரிழை அளவு வட்டமான இடைவெளி இருந்தது. சவரத் தகட்டை விட்டால் வழுக்கிக்கொண்டு உள்ளே போயிற்று. இரண்டாம் அடுக்குக்கும் மூன்றாம் அடுக்குக்கும் நடுவே ஓர் அரசங்கன்று வேர்விட்டிருந்தது. எல்லாவற்றையும் எடுத்த பிறகு குழாயைக் கையால் பிடித்துத் திருகினேன். தளத்துக்குள் அது தாராளமாகச் சுழன்றது. தளம் போட்ட பிறகு சுத்தியலால் உடைத்துப் போட்ட ஓட்டை அது. குழாயைவிட மூன்று அங்குலம் அகலமான அந்த ஓட்டையில் செங்கல் துண்டுகளையும் சிமெண்ட் பையின் காகிதத்தையும் திணித்து, மேலே மட்டும் கலவை வைத்து மூடியிருந்தார்கள். அந்த ஓட்டையைத் தொடாமல் மேற்பூச்சை எத்தனை முறை மாற்றினாலும் பலன் கிடைத்திருக்காது.

எனவே வேலையைத் தொடங்குமுன் தண்ணீர் எங்கிருந்து வருகிறது என்பதை உறுதி செய்துகொள்ளுங்கள். குழாயடியில் ஈரம் தெரிவதால் மட்டும் குழாயடிதான் குற்றவாளி என்று முடிவுகட்ட முடியாது. மழையில்லாத நாளில், குழாயின் தொப்பியைக் கழற்றிவிட்டு மேலிருந்து அரை வாளித் தண்ணீரை மெதுவாகக் குழாய்க்குள் ஊற்றுங்கள். அறைக்குள் ஈரம் கண்டால், தளத்துக்குக் கீழேயுள்ள இணைப்பு ஒன்று விட்டிருக்கிறது, குழாய் வாய்க்குள் விழும் மழைதான் அதன் வழியாகக் கசிகிறது, தளத்தில் பழுதில்லை. அங்கே சிக்கல் இல்லையென்றால், குழாயைச் சுற்றி இரண்டடி விட்டத்தில் களிமண்ணால் ஒரு பாத்தி கட்டி, இரண்டங்குல ஆழத்துக்குத் தண்ணீர் நிறுத்துங்கள். துணிக்குப் போடும் சொட்டு நீலத்தைச் சிறிது கலந்துவிட்டால் கீழே வருவது அந்தத் தண்ணீர்தானா என்று சந்தேகமின்றித் தெரியும். தட்டோடு (தட்டையான சுட்ட ஓடு) பதித்த தளத்தில் தண்ணீர் ஓட்டுக்கும் கான்கிரீட்டுக்கும் நடுவே நின்று நிதானமாகத்தான் இறங்கும். 48 மணி நேரமாவது காத்திருங்கள். அதற்குப் பிறகும் கீழே காய்ந்தே இருந்தால் கோளாறு வேறிடத்தில் இருக்கிறது: மேட்டுப் பக்கத்தில் கைப்பிடிச்சுவர் தளத்தைத் தொடும் மூலையிலோ, பெயர்ந்த தட்டோட்டின் சந்திலோ நுழையும் தண்ணீர், தளத்தின் சரிவில் நகர்ந்து வந்து, கிடைத்த ஓட்டையான குழாய்வழியில் இறங்கும்.

கசிவு குழாயடியில்தான் என்று உறுதியாகிவிட்டால், செய்ய வேண்டிய வேலையின் அடிப்படையை நம் ஊர் நாட்டு ஓட்டுக்கூரையைப் பார்த்தே புரிந்துகொள்ளலாம். அந்தக் கூரையில் ஓடுகள் ஒன்றோடொன்று ஒட்டப்படவில்லை. மேல் ஓடு கீழ் ஓட்டின்மீது படிந்து நிற்கிறது. சரிவு தண்ணீரை இறக்கிவிடுகிறது. ஓடு சற்றே அசைந்தாலும் மழை உள்ளே வருவதில்லை. மொட்டைமாடிக் குழாய்க்கும் அதே ஏற்பாடு வேண்டும். தளத்திலிருந்து எழும் ஒரு மேடு, குழாயிலிருந்து அதன்மீது கவியும் ஒரு குடை, இரண்டுக்கும் நடுவே குழாய் அசைய ஓர் இடைவெளி, ஆகிய மூன்றும் இருந்துவிட்டால் பூசும் மருந்துகளெல்லாம் இரண்டாம் காவல்தான்.

வேலையைச் செய்யும் விதத்தைச் சொல்கிறேன். குழாயைச் சுற்றி ஓரடி தூரத்துக்குத் தட்டோடுகளையும் அடியிலுள்ள சுண்ணாம்பு ஜல்லியையும் எடுத்துவிட்டுக் கான்கிரீட் தெரியும்வரை போங்கள். பழைய சிமெண்ட் குமிழையும் ஓட்டைக்குள் திணித்திருப்பவற்றையும் முழுமையாக அகற்றுங்கள். ஓட்டையின் விளிம்பை, மேலே அகலமாகவும் கீழே குறுகலாகவும் புனல்போலச் செதுக்கச் சொல்லுங்கள். அப்போதுதான் அடைக்கும் கலவை கீழே நழுவாமல் அமர்ந்து நிற்கும். தூசியை ஊதித் துடைத்து, அடியில் பலகை முட்டுக்கொடுத்து, குழாயின்மீது ஒரு மெல்லிய ஸ்பாஞ்சுத் தாளைச் சுற்றிவிட்டு, பழைய கான்கிரீட்டை நனைத்துச் சுருங்காத கிரவுட்டை (இடைவெளியை நிரப்பும் சிமெண்ட் கலவையை) ஊற்றுங்கள். சாதாரண மணல்-சிமெண்ட் கலவை காயும்போது சுருங்கி, ஓட்டையின் ஓரத்தில் புதிய விரிசலைத் தானே உண்டாக்கிவிடும் என்பதால்தான் இதை வலியுறுத்துகிறேன். ஸ்பாஞ்சுத் தாள், குழாய்க்கும் கிரவுட்டுக்கும் நடுவே அசைவுக்கான இடத்தைக் காத்து வைக்கும்.

கிரவுட் இறுகிய பிறகு, குழாயைச் சுற்றித் தளமட்டத்திலிருந்து ஆறங்குலம் உயரத்துக்குச் சிறு ஜல்லி கான்கிரீட்டில் ஒரு வளைய மேடு எழுப்ப வேண்டும். இந்த மேடும் குழாயைத் தொடக் கூடாது. ஏறத்தாழ 12 மில்லிமீட்டர் இடைவெளி சுற்றிலும் இருக்க வேண்டும். மேடு தளத்தில் சேரும் மூலையைச் செங்குத்தாக விடாமல் சரிவாக அணைத்துப் பூசுங்கள். ஈரச் சாக்குப் போட்டு ஏழு நாள் நனைத்துக் காயவிடுங்கள். அதன்பின் இரண்டு பொருள் கலந்து பூசும் பாலிமர் சிமெண்ட் பூச்சை, தளத்தில் ஓரடி பரப்பிலும் மேட்டின் உச்சிவரையிலும் இரண்டு கைப் பூசுங்கள். முதல் கை ஈரமாக இருக்கும்போதே கண்ணாடியிழை வலையைப் பதித்துவிட்டு, அது காய்ந்த பிறகு இரண்டாம் கையைக் குறுக்குவாட்டில் இழுக்க வேண்டும். மூலையில் வலை மடிப்பாகத் தூக்கி நின்றால் அங்கேதான் முதலில் கிழியும். விரலால் அழுத்திப் பார்த்துவிடுங்கள்.

மேட்டுக்கும் குழாய்க்கும் நடுவேயுள்ள இடைவெளியில் முதலில் ஸ்பாஞ்சுக் கயிற்றைத் திணித்து, மேலே பாலியூரித்தேன் சீலண்ட் (ரப்பர்போல இழுபடும் அடைப்புப் பசை) நிரப்புங்கள். சீலண்டின் ஆழம் அகலத்தில் பாதியளவு இருந்தால் போதும். கயிறு வைப்பது சீலண்டை மிச்சப்படுத்துவதற்காக என்று பலர் நினைக்கிறார்கள். உண்மையில், சீலண்ட் இரு பக்கங்களை மட்டும் பற்ற வேண்டும். அடியையும் பற்றிக்கொண்டால் இழுபடும்போது விரிய இடமின்றிக் கிழிந்துபோகும். குழாயின் அந்தப் பகுதியை முன்னதாக உப்புத்தாளால் சொரசொரப்பாக்கி, துடைத்து, சீலண்ட் கம்பெனி சொல்லும் பிரைமரை (பசை பிடிக்க முதலில் தடவும் பூச்சை)த் தடவ வேண்டும். ஒரு எச்சரிக்கை: பழைய வீடுகளில் காற்றுக்குழாய் பிவிசியாக இல்லாமல் ஆஸ்பெஸ்டாஸ் சிமெண்ட் குழாயாக இருக்கலாம். அதை உப்புத்தாளால் தேய்க்கவோ அறுக்கவோ கூடாது. அந்தத் தூசி நுரையீரலுக்குக் கொடியது.

கடைசியாகக் குடை. எவர்சில்வர் தகட்டில் கூம்பு வடிவில், மேல்வாய் குழாயை இறுக்கிப் பிடிக்கும் அளவிலும் கீழ்வாய் மேட்டைவிட இரண்டங்குலம் வெளியே நீளும் அளவிலும் காரைக்குடியில் எந்தத் தகரப் பட்டறையிலும் செய்து தருவார்கள். மேலிருந்து குழாயில் கோத்து இறக்கி, எவர்சில்வர் கிளிப்பால் இறுக்கி, கிளிப்புக்கு மேலே ஒரு வளையம் சீலண்ட் இழுத்துவிடுங்கள். குடையின் கீழ்விளிம்பு மேட்டின் உச்சிக்கு இரண்டங்குலம் கீழே இறங்கியிருக்க வேண்டும். மேட்டைத் தொடக் கூடாது. குழாய் ஏறி இறங்கும்போது குடையும் அதோடு ஏறி இறங்கும். அலுமினியத் தகடு மலிவு என்றாலும் நான் பரிந்துரைப்பதில்லை. ஈரச் சிமெண்டின் காரம் அதை அரித்துவிடும்.

இத்தனையும் செய்துவிட்டு மேலேயுள்ள குழாயைப் பிடிப்பின்றி விட்டால் உழைப்பு வீண். ஆள் நடமாடும் மொட்டைமாடியில் வாயு முகத்தில் படாமலிருக்கக் குழாயைத் தலைக்கு மேல் உயர்த்தியிருப்பார்கள். அந்த உயரத்தில் காற்று அதை நெம்புகோல்போல ஆட்டும். கைப்பிடிச்சுவரிலிருந்து ஓர் இரும்புத் தாங்கி நீட்டி, குழாய் மேலும் கீழும் நகரும்படி தளர்வான கிளாம்பு போடுங்கள். வெயில் படும் பிவிசி நாளடைவில் வெளுத்து நொறுங்கும். வெளிர்நிறப் பெயிண்ட் அடித்தால் ஆயுளும் கூடும், சூடும் குறையும். குழாயை மாற்றுவதாக இருந்தால் ஐ.எஸ். 13592 (இந்தியத் தரநிலை) முத்திரையுள்ள எஸ்.டபிள்யூ.ஆர். (கழிவுநீர், மழைநீர்) குழாயைக் கேட்டு வாங்குங்கள். அதில் ஏ வகை காற்றுக்கும் மழைநீருக்கும், பி வகை கழிவுக்கும் உரியது. ரப்பர் வளைய இணைப்பில் குழாயை அடிவரை முட்டச் செருகிவிட்டு, 10 மில்லிமீட்டர் பின்னுக்கு இழுத்து வைக்கச் சொல்லுங்கள். நீட்சியில் ஒரு பகுதி அந்த இணைப்புக்குள்ளேயே அடங்கிவிடும்.

புதிதாகத் தளம் போடுபவர்களுக்கு வேலை இதில் பாதிகூட இல்லை. கம்பி கட்டும்போதே 160 மில்லிமீட்டர் குழாய்த் துண்டு ஒன்றை உறையாக நிறுத்தி, தளமட்டத்துக்கு மேல் எட்டங்குலம் நீட்டிக் கான்கிரீட் போட்டுவிட்டால், 110 மில்லிமீட்டர் குழாய் அதற்குள் தாராளமாக ஏறி இறங்கும். மேலே குடை மட்டும் போதும். இடத்தையும் யோசித்து வைக்க வேண்டும். 60 சதுர மீட்டர் மாடியில் 50 மில்லிமீட்டர் மழை பெய்தால் 3,000 லிட்டர் தண்ணீர். அத்தனையும் தூம்பை (மாடித் தண்ணீர் வெளியேறும் வாயை) நோக்கித்தான் ஓடுகிறது. குழாயைத் தூம்பின் பக்கத்தில் வைத்தால் அத்தனை தண்ணீரும் அதன் அடியை உரசிக்கொண்டு போகும். சரிவின் உயர்ந்த ஓரத்தில் வைத்தால் சிறு பங்குதான் அதைத் தொடும்.

ஓட்டுக்கூரை பற்றிய கேள்விக்கு என் பதில்: முடிந்தவரை ஓட்டைத் துளைக்காதீர்கள். வளவின் கூரை முற்றத்தை நோக்கிச் சரிகிறது. தாழ்வாரம் நெருங்க நெருங்கத் தண்ணீரின் அளவு கூடும். இரண்டு சரிவுகள் சந்திக்கும் கூடல்வாயில் அது ஓடையாகவே பாயும். அந்த இடங்களில் ஒரு குழாயை நுழைத்தால், அடியிலுள்ள பர்மாத் தேக்கு கைமரமும் பலகையும் ஊறிக் கறுத்த பிறகுதான் உங்களுக்கே தெரியவரும். அந்த மரத்துக்கு ஈடான மரத்தை இன்று தேடிப் பிடிப்பது எளிதல்ல. குழாயைத் தளத்துக்குக் கீழேயே திருப்பி, புறச்சுவர் வழியாக வெளியே எடுத்து, பின்கட்டுச் சுவரோடு கூரைக்கு மேல் ஏற்றிவிடலாம். படுக்கையாகப் போகும் பகுதி உள்நோக்கிச் சற்றே சரிந்திருந்தால் குழாய்க்குள் கோக்கும் ஈரம் டேங்குக்கே திரும்பும். சுவர்த் துளை சன்ஷேடுக்குக் கீழே அமைந்தால் மழையும் அங்கே எட்டாது.

வேறு வழியே இல்லாமல் ஓட்டைத் துளைத்தாக வேண்டுமென்றால், முகட்டுக்கு அருகில் துளையுங்கள். ஆறு மீட்டர் சரிவில் முகட்டிலிருந்து ஒரு மீட்டர் கீழே நிற்கும் குழாயை, சரிவில் விழும் மழையில் ஆறில் ஒரு பங்குதான் கடந்து போகும். குழாய் நுழையும் இடத்தில், நடுவே கழுத்து பற்றவைத்த எவர்சில்வர் தகட்டை வைத்து, அதன் மேல்விளிம்பை மேல்வரிசை ஓடுகளுக்கு அடியில் குறைந்தது ஆறங்குலம் செருகி, கீழ்விளிம்பைக் கீழ்வரிசை ஓடுகளுக்கு மேலே படியவிட்டு, பக்க விளிம்புகளை மேல்நோக்கி மடித்துவிட வேண்டும். கழுத்துக்கு மேலே ஒரு குடை. இந்த வேலையைக் குழாய்க்காரரிடம் மட்டும் விடாமல், ஓடு வேய்பவர் ஒருவரையும் உடன் வைத்துக்கொள்ளுங்கள். எந்த ஓட்டை எடுத்தால் எது சரியும் என்பது அவருக்குத்தான் தெரியும். ஈயத் தகடு வளைவுக்கு நன்றாக இணங்கும் என்று சிலர் யோசனை சொல்லலாம். கூரைத் தண்ணீரை முற்றத்தில் அண்டாவில் பிடித்துக் குடிக்கும் வழக்கம் உங்கள் வீட்டில் இன்னும் இருந்தால், ஈயத்தைக் கூரையில் ஏற்றவே கூடாது. ஓட்டுக்கும் குழாய்க்கும் நடுவே கலவையை அப்புவதும் தார் ஊற்றுவதும் ஒரு கோடைக்குக்கூடத் தாங்காது.

தேக்கு உத்திரக்கட்டைகளின்மீது செங்கல்லைச் செருகிச் சுண்ணாம்பில் அடித்த மெட்ராஸ் டெரஸ் பகுதி உங்கள் வீட்டில் இருந்தால், மேலே சொன்ன சிமெண்ட் முறைகளை அங்கே கொண்டுபோகாதீர்கள். சுண்ணாம்பு மூச்சுவிடும் பொருள். அதன்மேல் இறுகிய சிமெண்ட் ஒட்டு விரிசல் விட்டுத் தண்ணீரை உள்ளே வாங்கும், வாங்கியதை வெளியேவிடாமல் உத்திரக்கட்டைக்கு அனுப்பும். அங்கே சுண்ணாம்பும் சுர்க்கியும் (செங்கல் தூள்) சேர்த்துக் கடுக்காய் நீரில் குழைத்த கலவையால்தான் மேட்டை எழுப்ப வேண்டும், குடை அதேதான்.

பங்குனி முதல் ஆனி வரை இந்த வேலைக்கு ஏற்ற காலம். இடையில் கோடைமழை பெய்திருந்தால், பூச்சுக்கு முந்தைய இரவு தளத்தில் ஒரு பாலிதீன் தாளை நான்கு பக்கமும் ஒட்டி வையுங்கள். காலையில் அதன் அடியில் நீர்முத்துக்கள் கோத்திருந்தால் இன்னும் சில நாள் பொறுங்கள். சீலண்ட் நிரப்புவதற்கு முற்பகல் ஏற்ற நேரம். உச்சிவெயிலில் முழுக்க நீண்டிருக்கும் குழாயில் நிரப்பினால், இரவில் குழாய் இறங்கும்போது முதல் நாளே அது இழுபடும். வேலை முடிந்ததும் பழைய தட்டோடுகளை மேட்டின் அடிவரை திரும்பப் பதித்து, களிமண் பாத்தி கட்டி 48 மணி நேரச் சோதனையை மறுபடியும் செய்து பார்த்த பிறகே கூலியின் கடைசிப் பகுதியைக் கொடுங்கள். ஆண்டுதோறும் ஆடிக் காற்று ஓய்ந்ததும், வீட்டைப் பார்த்துக்கொள்பவரை மாடிக்கு அனுப்பி, குடையின் கிளிப்பு இறுக்கமாக இருக்கிறதா, தொப்பி பறந்துவிடவில்லையா, மேட்டோரத்தில் அரசங்கன்று முளைத்திருக்கிறதா என்று பார்த்துப் படம் எடுத்து அனுப்பச் சொல்லுங்கள். ஐப்பசிக்கு முன் சரிசெய்துகொள்ள இரண்டு மாதம் கையில் இருக்கும்.